வயல் காத்திருக்கும்; முதலில் வீடு!

நாகை மாவட்ட விவசாயக் குடும்பங்களுக்கான மழைவெள்ள முன்னேற்பாடுகள்

ஐப்பசி மாதத்து நள்ளிரவு. மாலையில் பிடித்த மழை விடவில்லை. சம்பா நட்டு 30 நாள்தான் ஆகிறது. வீட்டில் படுத்திருக்கும் விவசாயிக்குத் தூக்கம் வராது. எழுந்து டார்ச் லைட்டையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு, வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்கக் கிளம்பிவிடுவார். வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் தனியே இருப்பார்கள். மாடு கட்டுத்தறியில் நிற்கும். மெயின் சுவிட்சை அணைக்க ஆள் இருக்காது.

டெல்டாவில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. உழவியல் படித்தவன் என்ற முறையில் விவசாயிகளுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அந்த இரவில் வயலுக்குப் போவதால் பயிருக்குப் பெரிய நன்மை இல்லை. போனவரின் உயிருக்கு ஆபத்து உண்டு.

காரணம் எளிது. கனமழை நேரத்தில் வடிகால் வாய்க்காலில் நீர்மட்டம் வயலைவிட உயர்ந்து நிற்கும். அப்போது வரப்பை வெட்டினால் வயல் தண்ணீர் வெளியே போகாது. வாய்க்கால் தண்ணீர்தான் உள்ளே வரும். வாய்க்கால் மட்டம் இறங்கிய பிறகே வயல் வடியும். அதுவரை சம்பாப் பயிர் தாங்கும். தூர் கட்டும் பருவத்துப் பயிர் ஓரிரவு மூழ்கியதால் அழுகிவிடாது. முழுதாக மூழ்கிய நிலை ஒரு வாரத்தை நெருங்கும்போதுதான் சாதாரண ரகங்களில் சேதம் கடுமையாகிறது. சி.ஆர். 1009 சப்-1, சுவர்ணா சப்-1 போன்ற ரகங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும் வகையில் உருவாக்கப்பட்டவை. நேரடி விதைப்பில் முளைவிட்ட நிலையிலும், பூக்கும் தருணத்திலும் பாதிப்பு விரைவாக வரும் என்பது உண்மைதான். ஆனாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலான சில மணி நேரம் விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை.

வீட்டின் கதை வேறு. வீட்டுக்குள் தண்ணீர் புகும் அந்தச் சில மணி நேரத்தில்தான் உயிரும், விதையும், மாடும், பத்திரமும் போகின்றன. எனவே இந்த வாரம் வயலைப் பற்றிக் கொஞ்சமும், வீட்டைப் பற்றி நிறையவும் பேசுவோம்.

புயல் கூண்டு மட்டும் போதாது

துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டு ஆபத்தை அளப்பது நம் வழக்கம். அந்தக் கூண்டு கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் காற்றின் ஆபத்தைச் சொல்வது. உங்கள் தெருவில் எத்தனை செ.மீ. மழை பெய்யும் என்பதை அது சொல்லாது.

கடந்த கால வெள்ளங்களைப் பாருங்கள். 2008 நவம்பர் 27-ல் காரைக்கால் அருகே கரையைக் கடந்த நிஷா புயல், காற்றைவிட மழையால்தான் டெல்டாவை முடக்கியது. ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 65 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்துவிட்டது என்று நிம்மதி அடைந்த நேரத்தில், அது நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 செ.மீ. பெய்தது. 2022 நவம்பர் 11, 12 தேதிகளில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியபோது, அதற்குப் புயல் என்ற பெயர்கூட இல்லை. வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிதான்.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் சேரும். 44 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 17.8 லட்சம் லிட்டர். உங்கள் கிராமத்தின் மொத்தப் பரப்பையும் நினைத்துப் பாருங்கள். அவ்வளவும் ஊரைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும்.

மேட்டூர் நிரம்பி வழியும்போது உபரி நீர் பெரும்பாலும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படுகிறது. எனவே நாகை கடைமடையின் வெள்ளம் பெரும்பாலும் நம் தலைமேல் பெய்த மழையாலும், மேற்கே தஞ்சை, திருவாரூர் பகுதிகளில் பெய்து வெண்ணாற்றுக் கிளைகள் வழியே வடிந்து வரும் மழையாலும் வருவது. அணை நிலவரத்தைவிட வானிலை மையத்தின் மழை எச்சரிக்கைதான் உங்களுக்கு முக்கியம். பொதுவாக ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 12 முதல் 20 செ.மீ. வரையிலும், சிவப்பு எச்சரிக்கை என்றால் 20 செ.மீ.க்கு மேலும் மழை எதிர்பார்க்கலாம். ஆரஞ்சு வந்த உடனே வேலையைத் தொடங்குங்கள். சிவப்பு வரும்வரை காத்திருந்தால், அப்போது வேலை செய்ய வெளிச்சமும் இருக்காது, மின்சாரமும் இருக்காது.

நம் ஊரில் தண்ணீர் ஏன் நிற்கிறது?

மலையோர ஊர்களில் வெள்ளம் வேகமாக வந்து வேகமாகப் போகும். கடைமடையில் மெதுவாக ஏறி, நாள்கணக்கில் நிற்கும். கடுவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு ஆகிய வடிநீர் ஆறுகள் மிகக் குறைந்த சரிவில் கடலை நோக்கிப் போகின்றன. கடல் மட்டம் ஏறும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. உப்பு நீர் உள்ளே ஏறாமல் இருக்க இயக்கு அணைகளின் கதவுகளையும் நேரம் பார்த்துத்தான் திறக்க முடியும். வாய்க்காலை அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மீதியைத் தடுத்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். அந்த நாட்களில் கனமழை பெய்தால், வடிய வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு நாளாவது ஆகும் என்று கணக்கிடுங்கள். மழை நின்றுவிட்டது என்பதற்காக முகாமிலிருந்து உடனே வீடு திரும்பாதீர்கள். மேற்கே பெய்த மழை கடைமடைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். நம் ஊரில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறுவது இதனால்தான்.

ஆகவே நம் முன்னேற்பாடு ஓரிரவைக் கடப்பதற்கானதாக இருந்தால் போதாது. தண்ணீருக்கு நடுவில் மூன்று முதல் ஐந்து நாள் இருப்பதற்கானதாக இருக்க வேண்டும்.

சுவரில் ஒரு கோடு, வாசலில் ஒரு கம்பு

முதல் வேலைக்குச் செலவே இல்லை. இதுவரை உங்கள் வீட்டில் ஏறிய அதிகபட்ச நீர்மட்டம் எது? சுவரில் கறை இருக்கும். இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த உயரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். நனையக்கூடாத எல்லாப் பொருளும் அந்தக் கோட்டுக்கு ஒன்றரை அடியாவது மேலே இருக்க வேண்டும். முன்பு தண்ணீர் ஏறாத வீடு என்று அலட்சியம் வேண்டாம். சாலையை மேலே மேலே உயர்த்திப் போட்டதில் வாசல் தாழ்ந்துபோன வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் பழைய கறையை நம்பாமல், சாலை மட்டத்திலிருந்து அளந்து கோடு போடுங்கள்.

அடுத்து, வாசலில் தாழ்ந்த இடத்தில் ஒரு மூங்கில் கம்பை ஊன்றி இரண்டு குறி வையுங்கள். முதல் குறி, தண்ணீர் வாசலில் கணுக்கால் அளவு நிற்கும் மட்டம். இரண்டாவது குறி, வீட்டு நிலைப்படிக்கு அரை அடி கீழே உள்ள மட்டம். திண்ணையோ படியோ இல்லாத தாழ்ந்த வீடுகளில் இரண்டுக்கும் இடைவெளி இருக்காது. அங்கே முதல் குறியையே வெளியேறும் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்தக் குறியைத் தொட்டால் என்ன செய்வது என்று குடும்பம் முழுவதும் உட்கார்ந்து இப்போதே பேசி முடிவெடுங்கள்.

முதல் குறி: மாடுகளை மேட்டுக்கு ஓட்ட வேண்டும். தரையில் உள்ள பொருட்களை மேலே ஏற்ற வேண்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளை முகாமுக்கோ மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்கோ அனுப்ப வேண்டும்.

இரண்டாவது குறி: மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரை மூடி, எல்லோரும் வெளியேற வேண்டும்.

இரவு 2 மணிக்கு, மழை இரைச்சலில், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நேரத்தில் முடிவெடுப்பது கடினம். பகலில் எடுத்த முடிவை இரவில் நிறைவேற்றுவது எளிது. சிவப்பு எச்சரிக்கை இருந்தால் குறிக்காகவும் காத்திருக்க வேண்டாம். பொழுது சாய்வதற்குள் முகாமுக்குப் போய்விடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஏராளமான மக்கள் முன்கூட்டியே முகாம்களுக்குப் போயிருந்ததால்தான் உயிர்ச்சேதம் மேலும் அதிகமாகாமல் தப்பியது.

சுவரும் மின்சாரமும்

மழைக்காலத்தில் வீட்டுக்குள் உயிரைப் பறிப்பவற்றில் இவை இரண்டும் முக்கியமானவை.

மண்சுவரும், மண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரும் அடிப்பகுதி ஊறினால் வலு இழக்கும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் இப்போதே தகரமோ, பிளந்த பனை மரமோ கொண்டு தாழ்வாரம் அமையுங்கள். சுவரைச் சுற்றி மண் அணைத்துச் சரிவு கொடுங்கள். புதிய விரிசல், சுவர் வெளியே பிதுங்குதல், கதவு திடீரென இறுக்கமாவது ஆகியவை எச்சரிக்கைகள். அப்படிப்பட்ட சுவரோரம் யாரும் படுக்க வேண்டாம். பக்கத்து வீட்டு உயர்ந்த சுற்றுச்சுவரையும் கவனியுங்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் வீடுகள் மீது விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். தண்ணீர் வடியும்போதும் சுவர் விழும் என்பதை மறக்கக்கூடாது. சுற்றி நின்ற தண்ணீரின் தாங்கல் போய்விடும். ஊறிய சுவரின் கனம் மட்டும் மிஞ்சும்.

மின்சாரத்தில் மூன்று வேலைகள். முதலாவது, மின்பணியாளரைக் கொண்டு கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் உயிர்காக்கும் சாதனத்தைப் பொருத்துங்கள். இரண்டாவது, மெயின் சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவற்றைக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். மூன்றாவது, மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ மாடு கட்டுவதையும் துணிக்கொடி கட்டுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக்கூடாது. மெயின் பெட்டிக்குப் போகும் வழியில் ஏற்கெனவே தண்ணீர் நின்றால் அங்கே போகாமல், மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பிக்கு 30 அடிக்குள் போகாதீர்கள். வயலில் கம்பி விழுந்திருந்தால், நின்ற தண்ணீர் முழுவதையும் ஆபத்தாகவே கருதுங்கள். இரவில் வயலுக்குப் போக வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

விதை, உரம், மருந்து

நகரத்து வீட்டுக்கும் விவசாயி வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். நம் வீடு கிடங்காகவும் இருக்கிறது.

விதை நெல்லை 13 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துப் பரணில் ஏற்றுங்கள். முன்னோர் பத்தாயத்தைக் கால் வைத்து உயரமாகச் செய்ததும், பரண் கட்டியதும் காரணத்தோடுதான். இன்று மூட்டைகளைச் சிமென்ட் தரையில் அடுக்கிவிட்டு, தண்ணீர் வந்த பிறகு தூக்கப் பார்க்கிறோம். 60, 70 கிலோ மூட்டையை இருட்டில், முழங்கால் தண்ணீரில் தனியாளாகத் தூக்க முடியாது.

யூரியா மூட்டையைத் தரையிலோ கொட்டகையிலோ வைக்காதீர்கள். யூரியா கரைந்த தண்ணீரைக் குடித்த மாடு சில மணி நேரத்திலேயே இறந்துபோகலாம். பூச்சிமருந்து, களைக்கொல்லிப் புட்டிகளை மூடியுள்ள வாளியில் போட்டு, உணவுப் பொருள் இல்லாத இடத்தில், உயரத்தில் பூட்டி வையுங்கள்.

இவற்றில் பலரும் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. நெல் மூட்டைக்குப் புகைமூட்டம் போட வாங்கி வைத்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற கொடிய நச்சு வாயு வெளிவரும். அடைத்த வீட்டில் இந்த வாயு ஒரு குடும்பத்தையே கொல்லும். எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடும் ஈரத்தில் அதே வாயுவை விடும். இந்த மாத்திரைகளை விவசாயிகள் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. மீதி இருந்தால் குப்பையிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். வீட்டுக்கு வெளியே ஈரம் படாத, பூட்டிய இடத்துக்கு மாற்றிவிட்டு, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுப் பாதுகாப்பாக ஒப்படையுங்கள். வீட்டில் பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ அடித்தால் உடனே எல்லோரும் வெளியேறுங்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல், கிரயப் பத்திரம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். காப்பீட்டுக்குக் கடைசி நாள் வரை காத்திராதீர்கள். அந்த நாளில் மழை பெய்தால் இ-சேவை மையமும் இயங்காது, கணினியும் இயங்காது.

மாட்டைக் கட்டிப்போடாதீர்கள்

வெள்ளத்தில் இறக்கும் மாடுகளில் பல, கட்டுத்தறியிலேயே இறப்பவை. அவிழ்த்துவிட்ட மாடு நீந்தியோ மேடு தேடியோ பிழைக்கும். மேட்டுக்கு ஓட்ட முடியாத நிலை வந்தால், வெளியேறும் முன் தும்பை அவிழ்த்துவிடுங்கள். ஆடு, கோழிகளையும் திறந்துவிடுங்கள்.

மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளையும், ஆடுகளுக்குத் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டின் முகத்தையும் காதுவில்லையையும் படம் எடுத்து வையுங்கள். மாடு இறந்தால், கால்நடை மருத்துவரின் சான்று பெற்ற பிறகே புதைக்க வேண்டும். சான்று இல்லாமல் நிவாரணம் கிடைப்பது கடினம்.

வைக்கோல் போரை மேட்டில், கல் அல்லது பனந்துண்டு அடுக்கி அதன் மேல் போடுங்கள். ஐந்து நாளைக்கான வைக்கோலைத் தனியே தார்ப்பாயில் கட்டி வையுங்கள். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் தேவை. வெள்ளத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் காயவைத்தாலும் தீவனமாகக் கொடுக்க வேண்டாம்.

கையோடு எடுக்கும் பை

வாசலருகே ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். டார்ச் லைட், மாற்று பேட்டரி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், தீப்பெட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு, மாதவிடாய் நாப்கின், குழந்தைக்கான உணவு, அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு செட் உலர்ந்த துணி, ஒரு கயிறு, ஒரு விசில் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

குடிநீரை மழைக்கு முன்பே மூடியுள்ள குடங்களில் பிடித்து வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் என்று ஐந்து நாளைக்குக் கணக்கிடுங்கள். கஜா புயலுக்குப் பின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டியும் காலிதான்.

தண்ணீர் வந்த பிறகு

ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். முழங்கால் ஆழம்கூட வேண்டாம், அரை அடி வேகத் தண்ணீரே காலை வாரிவிடும். பாலம், மதகு, சாலை அரிப்பு ஆகியவை தண்ணீருக்கு அடியில் தெரியாது. தவிர்க்க முடியாமல் போக வேண்டியிருந்தால் இருவராக, கையில் கம்பு ஊன்றி, செருப்பு அணிந்து, தரையைத் தட்டிப் பார்த்து நடங்கள். குழந்தைகளை வாய்க்கால் பக்கம் விடவே கூடாது.

தண்ணீரை இறைக்க ஆயில் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

வளைகளில் தண்ணீர் புகுந்தால் பாம்புகள் மேடான வீட்டைத் தேடி வரும். தரையில் படுக்காதீர்கள். கட்டிலில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். விறகு, வைக்கோல், செருப்பு எதையும் தட்டிப் பார்த்துத் தொடுங்கள். கட்டுவிரியன் கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிகூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் இருந்தால் பாம்புக்கடியாகவே கருதி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கடிபட்ட இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு. கை கால் அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். நச்சுமுறிவு மருந்து ஒன்றே சிகிச்சை. நாட்டு மருந்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

வடிந்த பிறகு

பகல் வெளிச்சத்தில் வீட்டுக்குள் போங்கள். முதலில் சுவரைப் பாருங்கள், பிறகு மின்சாரத்தைப் பாருங்கள். நனைந்த மோட்டார், ஸ்டார்ட்டர், சுவிட்ச் பெட்டிகளை மின்பணியாளர் சோதித்துச் சொன்ன பிறகே இயக்க வேண்டும். கழுவித் துடைக்கும் முன் சேதம் முழுவதையும் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் கொடுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மூழ்கிய கிணற்றை இறைத்துவிட்டு, ஊறிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். 1,000 லிட்டருக்குக் குறைந்தது 2.5 கிராம் தேவை. 10 அடி விட்டமுள்ள கிணற்றில் ஆறரை அடி தண்ணீர் இருந்தால் அது சுமார் 14,000 லிட்டர், அதற்கு 35 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். கலங்கல் அதிகமென்றால் சுகாதார ஆய்வாளரைக் கேட்டு அளவைக் கூட்டுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுங்கள்.

நெல் வயலில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து எப்போதும் உண்டு. வெள்ளத்துக்குப் பின் அது கூடும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு புண் வழியே கிருமியை உள்ளே விடும். புண் இருந்தால் மூடிக் கட்டி, காலணி அணிந்து இறங்குங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் வந்தால், "வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நனைந்த விதை நெல்லை உடனே தூக்கி எறிய வேண்டாம். நிழலில் பரப்பிக் காயவைத்து, 100 விதையை ஈரத்துணியில் சுற்றி முளைப்புப் பாருங்கள். 80-க்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். பூச்சிமருந்துப் புட்டி மிதந்த தண்ணீரில் நனைந்த நெல்லை உணவுக்கும் தீவனத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

இப்போது வயலுக்குப் போங்கள். தண்ணீர் வடிந்து பயிர் நிமிர்ந்ததும், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். தூர் கட்டும் பருவத்தில் உள்ள பயிர் பெரும்பாலும் தேறிவிடும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

வேளாண் கூட்டங்களில் ரகம், உரம், காப்பீடு பற்றிப் பேசுகிறோம். மழைக்கு முந்தைய கூட்டத்தில் கால் மணி நேரம் வீட்டுக்கும் ஒதுக்குங்கள். ஊரில் தனியாக வாழும் முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள், பிரசவ நாள் நெருங்கிய பெண்கள், இடியும் நிலையில் உள்ள வீடுகள் ஆகியவற்றின் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதாரச் செவிலியருடன் சேர்ந்து தயாரியுங்கள். மாடுகளை எந்த மேட்டுக்கு ஓட்டுவது, அங்கே தீவனம் யார் வைப்பது என்பதையும் ஊரே கூடி முடிவு செய்யட்டும். மாட்டுக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பல குடும்பங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்.

சம்பா போனால் அடுத்த ஆண்டு மீண்டும் நடலாம். மண்வெட்டியோடு இரவில் போனவர் திரும்பாவிட்டால், அந்த வயலில் யார் நடுவது? இந்த வாரமே சுவரில் கோடு போடுங்கள், வாசலில் கம்பு ஊன்றுங்கள். மழை இரவில் மண்வெட்டி மூலையிலேயே இருக்கட்டும்.

குறித்து வைக்க வேண்டிய எண்கள்

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070
ஆம்புலன்ஸ்: 108
காவல், தீயணைப்பு உள்ளிட்ட அவசர உதவி: 112
கால்நடை ஆம்புலன்ஸ்: 1962
மின்தடை, அறுந்த மின்கம்பி புகார் (மின்னகம்): 94987 94987